குச்சி வைத்த பிறகே கேஜில் ஏறுகிறார்கள்

ஜெயசீலா, இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் உறையில் போட்டு ஒட்டிவிட மாட்டேன். சாப்பாட்டு மேசைமேல், தண்ணீர்ச் செம்புக்குக் கீழே, இரண்டொரு நாள் திறந்தபடியே கிடக்கும். உன் அப்பா எடுத்துப் படிக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அவர் முகத்துக்கு நேரே என்னால் சொல்ல முடியாததும், ஃபோனில் நீ சொல்லவிடாததும் இதில் இருக்கின்றன. தெருமுனைக் கடைக்கு நீ ஃபோன் செய்யும்போதெல்லாம், நான் விஷயத்துக்கு வருவதற்குள் "சரிம்மா, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தையும் பாதியில் மடித்து வைக்கலாம்தான். ஆனால் மடித்து வைத்ததை நீ மறுபடி எடுப்பாய். சின்ன வயதிலிருந்தே எதையும் பாதியில் விட்டால் உனக்குத் தூக்கம் வராது.

இந்த வாரம் தொழிற்சாலைக்கு விடுப்புப் போட்டிருக்கிறேன். வீட்டு வேலை என்று காரணம் எழுதினேன். வீட்டில் ஒரு வேலையும் நடக்கவில்லை. ஜன்னலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். தங்கச் சுரங்கத்தின் பழைய ஷாஃப்ட் குழிப் பக்கமிருந்து டீசல் இஞ்சின் சத்தம் வந்துகொண்டிருக்கிறது. சத்தம் கேட்கும்வரை எழுதுகிறேன். நின்றால் எழுந்து வாசலுக்குப் போகிறேன். காலையிலிருந்து எத்தனை முறை போனேன் என்று எதிர்வீட்டு ஸ்டெல்லாவுக்குத்தான் தெரியும். அவள் கேட்கவும் செய்தாள், யாராவது விருந்தாளி வரணுமா என்று.

உனக்குத் தெரிந்ததையே முதலிலிருந்து சொல்லப் போகிறேன். வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் எனக்குப் புத்தி ஓடும். இயற்பியல் படித்துவிட்டு இருபது வருடங்களுக்கு மேலாகத் தொழிற்சாலையின் அளவுக்கருவிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவள் நான். புல்டோசரில் பொருத்துகிற எண்ணெய் அழுத்த ஸ்விட்ச்சும் வெப்ப ஸ்விட்ச்சும் என் மேசையைத் தாண்டித்தான் போகும். எண்ணெய் அழுத்தம் விழுந்தாலோ, இஞ்சின் அளவுக்கு மேல் சூடானாலோ, அவை தாமாகவே ஹாரனை அலறவைத்து டீசலை அடைத்து இஞ்சினை நிறுத்த வேண்டும். சொன்ன இடத்தில் சொன்னபடி செய்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஐம்பதை நெருங்கும்போது இந்த வேலை ஒரு சுபாவமாகவே ஆகிவிடுகிறது. யார் எது சொன்னாலும், எந்தச் சூட்டில் வைத்துச் சோதித்தார்கள் என்றே மனம் கேட்கிறது.

உனக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. நாம் சுரங்கத் தொழிலாளர்களின் ஸ்கெலட்டன் லைன் குடியிருப்பில் இருந்தோம். ஷிஃப்ட் மாறும் நேரம் இல்லாத ஒரு முற்பகலில் சங்கு ஊதியது. நேரம் தவறி ஊதினால் கீழே பாறை வெடித்திருக்கிறது என்று பொருள். லைனில் இருந்த அத்தனை பெண்களும் வெளியே வந்தார்கள். மாவுக்கையோடு ஒருத்தி, தலையில் துண்டு சுற்றியபடி ஒருத்தி. யாரும் ஓடவில்லை, அழவில்லை. எந்த ஷாஃப்ட் என்று தெரியும்வரை அப்படித்தான் நிற்பார்கள். நீ என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "பாறை விழறதுக்கு முன்னாடி ஊதினா இன்னாம்மா? விழுந்தப்புறம் எதுக்கு ஊதறாங்க?" என்று கேட்டாய். பக்கத்தில் நின்ற, சுரங்கத் தொழிலாளி மரியதாஸின் மனைவி, அந்த நிலையிலும், "பாறை இன்னா சொல்லிட்டா விழும், கண்ணு?" என்றாள். அன்று நம் ஆட்கள் திரும்பி வந்தார்கள். வேறு ஷாஃப்டில் சிலர் வரவில்லை. நீ கேட்டதுதான் எனக்குள் தங்கியது. முன்னால் வருவது எச்சரிக்கை, பின்னால் வருவது வெறும் செய்தி. இந்த ஊர் எச்சரிக்கை என்று நினைத்துக் கேட்டதெல்லாம் செய்திதான்.

ஆகவே நீ இன்ஜினியரிங் முடித்து, பெங்களூரில் இஞ்சின் பாதுகாப்புப் பேனல் செய்கிற அந்தச் சின்னக் கம்பெனியில் சேர்ந்தபோது எனக்கு வியப்பாக இல்லை. தினமும் விடியற்காலை மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயிலை ஊரிகத்தில் பிடித்து, நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வந்தாய். உன் அப்பா அதற்குள் விருப்ப ஓய்வு வாங்கியிருந்தார். சுரங்கத்தையே மூடப் போகிறார்கள் என்ற பேச்சு வராத நாளில்லை. கைவிட்ட ஷாஃப்டிலிருந்து பழைய பம்புகளையும் கேபிளையும் மேலே எடுக்கும் வேலையை ஒரு ஒப்பந்தக்காரர் எடுத்தார். அந்த ஷாஃப்டுக்கு மின்சாரம் எப்போதோ துண்டிக்கப்பட்டது. வாடகைக்கு ஒரு டீசல் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து, அதை வைத்துக் கயிறு சுற்றும் வின்ச்சை ஓட்டி, ஆளும் சரக்கும் போகிற இரும்புக் கூண்டான கேஜை ஏற்றி இறக்கினார்கள். அதை ஓட்ட, முப்பது வருடம் சுரங்க மின்பிரிவில் இருந்த உன் அப்பாவைக் கூப்பிட்டார்கள். கீழே இறங்க மரியதாஸும் இன்னும் சிலரும்.

இஞ்சின் வாடகைக்கு விட்டவருக்கு இஞ்சின் கெட்டுவிடுமோ என்று பயம். தானே நிறுத்திக்கொள்ளும் பேனல் மாட்டினால்தான் தருவேன், அதற்கு சீல் வைக்க வேண்டும், சீல் உடைந்தால் அன்றே இஞ்சினை எடுத்துப்போவேன் என்றார். அந்த வேலை உன் கம்பெனிக்கு வந்தது. நம் ஊர், அப்பா ஓட்டுகிற இஞ்சின், உன் முதல் தனி வேலை. வெப்ப ஸ்விட்ச்சை என்னிடம் கொண்டுவந்து சோதித்தாய். கொதிநீரில் வைத்துப் பார்த்தோம், மயிரிழை பிசகாமல் வேலை செய்தது. அப்போது நான் உன்னைக் கேட்டேன், இந்த இஞ்சின் தூக்கும் லோடு என்ன என்று. நீ கிலோவாட்டில் ஒரு எண் சொன்னாய். அதில்லை, கயிற்றின் முனையில் என்ன இருக்கும் என்றேன். நீ சிரித்துவிட்டு, "அம்மா, இஞ்சினுக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்றாய். உண்மைதான். இஞ்சினுக்குத் தெரியாது.

நிற்கிறது. ஒரு நிமிடம்.

டீசல் ஊற்ற நிறுத்தியிருக்கிறார்கள். கேன் தூக்கிப் போகிறவரைப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போது மறுபடி ஓடுகிறது.

அந்த நாளுக்கு வருகிறேன். நீ பெங்களூரில் இருந்தாய், உனக்குத் தெரிந்ததெல்லாம் பிறர் சொன்னது. நானும் பிற்பகலில்தான் போனேன். காலை முழுக்க இரும்பு ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு பம்பும் ஒரு எருமை மாதிரி. இரும்பெல்லாம் மேலே வந்த பிறகு, கடைசியாகத்தான் ஆட்கள் ஏறுவார்கள். அதாவது இஞ்சின் மிக அதிகமாகச் சூடாகி இருக்கும் வேளையில்தான் கயிற்றில் மனிதர்கள் தொங்குவார்கள். கேஜ் பாதிவழி வந்தபோது உன் பேனல் ஹாரன் அடித்தது, அடித்த அதே நொடியில் டீசலை அடைத்தது. இஞ்சின் நின்றது, வின்ச்சின் பிரேக் பிடித்துக்கொண்டது. கேஜ் அப்படியே நின்றது. சூடு தணியாமல் மறுபடி ஸ்டார்ட் செய்யவும் உன் பேனல் விடவில்லை. தணிந்து, ஸ்டார்ட் ஆகி, அவர்கள் வெளிச்சத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. மேலிருந்து ஒழுகும் தண்ணீரில் நனைந்து, உட்கார இடமில்லாமல், இருட்டில் நின்றிருக்கிறார்கள். மரியதாஸுக்கு நெஞ்சில் சுரங்கத் தூசி இருப்பது உனக்குத் தெரியும். அவரைக் கைத்தாங்கலாகத்தான் இறக்கினார்கள்.

அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து வாசலில் எல்லாரும் நின்றபோது நீ அவரிடம் போய்ப் பேசினாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். இஞ்சின் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தால் வேறு இஞ்சின் வரும்வரை உங்களை எடுத்திருக்கவே முடியாது மாமா என்று பொறுமையாக விளக்கினாய். அவர் தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்து, "அதெல்லாம் சரி தம்பி. இஞ்சினுக்கு ஜுரம், படுக்க வச்சுட்டீங்க. இப்போ எப்படி கீது? கஞ்சி கிஞ்சி குடிச்சுதா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் வன்மத்தோடு சொல்லவில்லை. இருட்டில் அத்தனை நேரம் தொங்கிய மனிதனுக்கு அந்த அளவு உரிமை உண்டு. ஆனால் அது லைன் முழுக்கப் பரவியது. நீ ரயிலுக்குப் போகும்போதும் வரும்போதும், இஞ்சினுக்கு உடம்பு தேவலையா என்று யாராவது கேட்டார்கள். உன் அப்பா கேட்கவில்லை. அவர் உன்னிடம் எதுவுமே பேசவில்லை. இரண்டு வாரத்தில் நீ பெங்களூரில் அறை பிடித்துக்கொண்டாய். இப்போது மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது, மாதக் கடைசியில் கிளம்புகிறேன் என்கிறாய். போ. வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை.

நீ செய்தது தவறு என்று சொல்லவும் எழுதவில்லை. உன் ஸ்விட்ச் சரி, உன் வயரிங் சரி, புத்தகம் சொன்னதும் சரி. சரியான காரியங்கள் வரிசையாகச் சேர்ந்து மனிதர்களை ஷாஃப்டில் தொங்கவிட முடியும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. தொழிற்சாலைக்கு ஒருமுறை ஒரு புல்டோசர் திரும்பி வந்தது. ஏதோ அணைக்கட்டு வேலையிலிருந்து, இஞ்சின் மொத்தமாகப் பிடித்துக்கொண்டு. எங்கள் ஸ்விட்ச் வேலை செய்யவில்லை என்று புகார். பிரித்துப் பார்த்தால் ஸ்விட்ச்சின் இரண்டு முனைக்கும் நடுவே சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை மடித்துச் செருகியிருந்தார்கள். ஓட்டியவனின் தவறு என்று ஒரே வரியில் அறிக்கை போயிற்று. பிறகு அந்த ஓட்டுநரே வண்டியைக் கொண்டுபோக வந்தபோது நான் கேட்டேன். அவர் தர்மபுரிப் பக்கத்துக்காரர். "அம்மா, சரிவுல ஏறும்போது அது தானா நின்னுச்சுன்னா வண்டி பின்னால உருளும். நான் உள்ள இருக்கேன்" என்றார். அதன் பிறகு யாராவது ஒரு பாதுகாப்புக் கருவியை முடக்கினார்கள் என்று கேள்விப்பட்டால், முட்டாள் என்று சட்டென்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அவருக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்த ஈயத்தாளினால் இஞ்சினும் போயிற்று. இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. நீ மஸ்கட்டில் எந்த இஞ்சினுக்கு முன்னால் நின்றாலும், அது நின்றால் யாருக்கு என்ன ஆகும், ஓடினால் யாருக்கு என்ன ஆகும் என்று இரண்டையும் கேள். ஒன்றை மட்டும் கேட்பவர்களை நான் நம்புவதில்லை.

இப்போது உனக்குத் தெரியாத விஷயம். போன வாரம் உன் அப்பா டிபன் கேரியரை மறந்துவிட்டுப் போனார். மதியம் தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்கு வந்து நானே அதை எடுத்துக்கொண்டு இஞ்சின் கொட்டகைக்குப் போனேன். ஆட்கள் சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கத் தயாராக நின்றார்கள். மரியதாஸ் ஒரு காலைக் கேஜில் வைத்தவர் அப்படியே நின்று, கொட்டகைப் பக்கம் திரும்பி, "குச்சி வச்சாச்சா?" என்று கேட்டார். உன் அப்பா கையைத் தூக்கிக் காட்டினார். அதன் பிறகே சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார்கள். எல்லாரும் அதே மாதிரி. ஏதோ ஜெபத்தில் ஒரு வரி மாதிரி அந்தக் கேள்வி அங்கே சேர்ந்துவிட்டிருந்தது.

எனக்குப் புரியவில்லை. பழக்கதோஷத்தில் உன் பேனலிடம் போய்ச் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். ஹாரன் அடிக்கவில்லை. பக்கவாட்டில் காற்றுப்போக வெட்டியிருக்கும் பிளவு வழியாக எட்டிப் பார்த்தேன். ரிலேயின் அசையும் தகட்டுக்கு அடியில் அதே பிளவு வழியாக ஒரு தீக்குச்சி செருகியிருந்தது. நீ வைத்த சீல் அப்படியே இருக்கிறது, யாரும் அதைத் தொடவில்லை. குச்சி இருக்கும்வரை தகடு நகராது. தகடு நகராவிட்டால் இஞ்சின் நிற்காது. ஹாரனும் அடிக்காது, ஏனென்றால் இரண்டையும் நீ அந்த ஒரே ரிலேயில்தான் கோத்திருக்கிறாய்.

நான் அவரைக் கேட்டேன். "ஆளு ஏறும்போது மட்டுந்தான் வைக்கிறேன். சரக்கு வர்றப்போ எடுத்துடுவேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆள் கயிற்றில் இருக்கும்போதுதானே ஹாரன் வேண்டும் என்றேன். "ஹாரன் அடிச்சா இன்னா சொல்லப்போவுது? சூடாச்சுன்னு சொல்லும். எனக்கு இஞ்சின் சத்தத்துலயே தெரியும்" என்றார். எடுத்துவிடுங்கள் என்றேன். "எடுத்தா எவன் ஏறுவான்? நீ ஏறுவியா?" என்றார். டிபன் கேரியரை வைத்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. உன் ஏற்பாட்டில் இஞ்சின் முந்திக்கொண்டு நிற்கும். அவர் ஏற்பாட்டில் ஒரு சொல்லும் சொல்லாமல் எரிந்து பிடித்துக்கொள்ளும். சூடு தணிந்ததும் ஓட்டலாம் என்பது அப்போது கிடையாது. வேறு இஞ்சின் எங்கிருந்தாவது வரும்வரை கேஜ் நின்ற இடத்தில் நிற்கும். அந்த ஷாஃப்டில் பம்புகளை எடுத்தாயிற்று, அடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. சத்தத்திலேயே தெரியும் என்கிறார். சுரங்கத்தில் கம்ப்ரஸர் பக்கத்தில் அத்தனை வருடம் நின்ற காது அது. இந்த ஒரு வருடத்தில் ரேடியோவின் சத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். நான் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பார்த்தால்தான் திரும்புகிறார். இதை அவர் படிப்பார். படிக்கட்டும்.

நீ வந்து செய்ய வேண்டியது பெரிய வேலையில்லை. ஹாரனையும் நிறுத்தத்தையும் பிரி. ஹாரனுக்குத் தனியாக ஒரு வெப்ப ஸ்விட்ச், இப்போதையதைவிடக் குறைந்த சூட்டில் அடிக்கிற மாதிரி. அது அடித்தால் கேஜை மேலே கொண்டுவரும் அளவுக்கு நேரம் இருக்க வேண்டும். நிறுத்துகிற பக்கத்துக்கு ஒரு சாவி ஸ்விட்ச், ஆள் என்று ஒரு பக்கம், சரக்கு என்று ஒரு பக்கம். சரக்கு வரும்போது இஞ்சின் தானே நிற்கட்டும், வாடகைக்காரர் சந்தோஷப்படட்டும். ஆள் ஏறும்போது ஹாரன் மட்டும் அடிக்கட்டும், நிறுத்துவதா ஓட்டுவதா என்பது ஓட்டுகிறவர் கையில் இருக்கட்டும். இஞ்சின் தறிகெட்டு வேகமெடுத்தால் நிறுத்துகிற அந்த ஒன்றை மட்டும் எந்தச் சாவியும் தொடக்கூடாது. அந்த வேகத்தில் இஞ்சின் உடைந்தால் இரும்பு பறக்கும். பிறகு உன் கையால் சீல் வை. நீ வைத்த சீலை நீ உடைத்துத் திரும்ப வைத்தால் வாடகைக்காரர் ஒன்றும் சொல்ல முடியாது. உன் அப்பா உடைத்தால் அன்றைக்கே இஞ்சின் போகும், அத்தனை பேருடைய வேலையும் போகும். அதனால்தான் அவர் குச்சியைத் தேடிப் போனார்.

நிறுத்தாத பேனலுக்குக் கம்பெனி உத்தரவாதம் தராது என்பாய். இஞ்சினைக் காப்பாற்ற உத்தரவாதம் கொடுத்தவர்களிடம் வேறு எதைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதிக் கேள். தர மாட்டோம் என்றால் அதையும் எழுத்தில் வாங்கு. இப்படியெல்லாம் நான் அடித்துப் பேசுகிறேனே தவிர, நான் சொல்கிற ஏற்பாடும் எல்லாவற்றையும் தடுக்குமா என்றால் தெரியாது. ஹாரன் அடித்தும் மனிதன் தவறாக முடிவெடுக்கலாம். ஆனால் முடிவெடுக்க ஒரு வாய்ப்பாவது இருக்கும்.

இதுவரை எழுதியது செவ்வாய்க்கிழமை. கடிதம் மேசைமேல் இருந்தது. புதன் காலை செம்பு வேறு இடத்தில் இருந்தது, தாள்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. உன் அப்பா காப்பி குடித்துவிட்டுச் செருப்பு மாட்டினார். நானும் செருப்பு மாட்டினேன். இன்னா, எங்கே என்பதுபோல் பார்த்தார். இஞ்சினிலேயே ஒரு வெப்பமானி இருக்கிறதல்லவா, நீ வரும்வரை ஆள் ஏறும்போதெல்லாம் அதன் முள்ளை நான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றேன். வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "சேலை பெல்ட்டுல மாட்டிக்கப் போவுது, இழுத்துச் சொருகிக்க" என்றார். அவ்வளவுதான்.

வெப்பமானியின் கண்ணாடி எண்ணெய்ப் பிசுக்கால் மங்கியிருந்தது. துடைத்து, கேஜைக் கொண்டுவர இன்னும் நேரம் இருக்கும் என்று நான் கணக்கிட்ட இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். முள் கோட்டைத் தொட்டால் அவரிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்பதை அங்கே நின்ற பிறகுதான் யோசித்தேன். அந்தச் சத்தத்தில் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. சட்டையைப் பிடித்து இழுப்பேன் என்று சைகையில் காட்டினேன். மரியதாஸ் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, வூட்ல இழுத்தது போதாதா?" என்றார். கேட்டுவிட்டு, வழக்கம்போல் குச்சியைப் பற்றியும் விசாரித்துவிட்டு ஏறினார். குச்சியை எடுக்கச் சொல்ல எனக்கு இன்னும் உரிமை இல்லை.

புதன்கிழமை முள் கோட்டுக்கு வெகு கீழேயே இருந்தது. வியாழனன்று, அதாவது நேற்று, கீழேயிருந்து ஒரு பெரிய மோட்டாரை ஏற்றினார்கள். அது வந்து சேர்ந்ததும் ஆட்களுக்காகக் கேஜ் கீழே போயிற்று. மணி அடித்தது, ஏறிவிட்டார்கள் என்று. உன் அப்பா வின்ச்சை இழுக்கத் தொடங்கினார். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கோட்டை நோக்கிப் போகும் வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. தொட்டதும் இழுத்தேன். அவர் திரும்பவில்லை என்று நினைத்து இன்னொரு முறை பலமாக இழுத்தேன், தோள் தையல் விட்டுவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு முள்ளைப் பார்த்தார். உடனே வின்ச்சின் வேகத்தைக் குறைத்து, ரேடியேட்டர்மேல் தண்ணீர் வீசச் சொன்னார். வாளி வாளியாக வீசினார்கள். ஆவி எழும்பிக் கொட்டகையே தெரியவில்லை. முள் மேலே போய், நின்று, நடுங்கிக்கொண்டே இருந்தது. கேஜ் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. கதவு திறந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசி ஆள் தரையில் கால் வைத்ததும் உன் அப்பா இஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, ஆறவைத்து, தன் கையால் நிறுத்தினார். ரேடியேட்டரில் பாதிக்குமேல் சேறு அடைத்திருந்ததை அப்புறம்தான் பார்த்தார்கள்.

மரியதாஸ் என்னிடம் வந்தார். என் கையைப் பார்த்தார். உன் அப்பா சட்டையின் தையல்நூல் இன்னும் என் விரலில் சுற்றியிருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது உன் அப்பா ஊரிகம் ஸ்டேஷன் திருப்பத்தில் நின்றார். "நீ இழுத்தப்போ எனக்குச் சத்தத்துல ஒரு வித்தியாசமும் தெரியல" என்றார். நான் ஏதோ சமாதானமாகச் சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. "ஒன்னுமே தெரியல. எப்பவும்போல ஓடினுதான் இருந்துது. அவனை வரச் சொல்லு. நீயா எழுதற மாதிரி எழுதாத. நான் கூப்டேன்னு எழுது."

அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். நேற்று நடந்ததை ஒப்பந்தக்காரரிடம் சொன்னோம். இஞ்சினை இன்றும் நாளையும் கழுவிச் சரிசெய்யப் போகிறார்கள். திங்கட்கிழமை மறுபடி ஆட்கள் இறங்குகிறார்கள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது, நாளைக் காலை ரயிலில் பெங்களூர் போகும் ஸ்டெல்லாவின் கணவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் அறைக்கே வந்து கொடுப்பார். இரண்டாவது வெப்ப ஸ்விட்ச்சை நான் இங்கே சோதித்து வைத்திருக்கிறேன். ரிலேயும் சாவியும் சீல் சாமானும் ஞாயிறுக்குள் நீ கொண்டுவா. விடுப்பை நீட்டிக்கக் கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள். திங்கட்கிழமை காலை நான் என் மேசையில் இருப்பேன். அந்த முள்ளைப் பார்க்க இங்கே வேறு யாரும் இல்லை.

அம்மா